கைக்குட்டைக்குப் பின்னால் படித்த சட்டம்

அனுப்புநர்
தாபிதா ஷோராக்,
நீராவித் தறி நெசவாளி (தற்போது வேலையிலிருந்து நீக்கப்பட்டவள்),
பிண்டர் சந்து நிலவறை,
ஹேஸல்கிளஃப், லங்காஷயர்.

பெறுநர்
மாண்புமிகு உள்துறை அமைச்சர் அவர்கள்,
லண்டன்.

பொருள்: என் கணவர் ஈனோக் ஷோராக்கைப் பதினைந்து ஆண்டுகளுக்கு நாடுகடத்தும் தண்டனையை நிறுத்தி, என் சாட்சியை மறுபடி விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எழுதப் படிக்கத் தெரியாதவள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுபவர் எங்கள் ஜெபக்கூடத்தில் மணியடிப்பவர். எங்காவது கோபம் தெரிந்தால் அது என்னுடையது. அவரைத் தண்டிக்க வேண்டாம்.

2. பதினெட்டு ஆண்டுகள் தறி ஓட்டினேன். முந்நூறு தறிகள் ஓடும் கூடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது. ஆகையால் நாங்கள் குரல் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவோம். எதிர்ச்சுவர் ஓரம் ஒருத்தி தன் மாமியாரைத் திட்டுவதை இந்தச் சுவரிலிருந்து பார்த்துச் சிரிப்போம். காது பாதி போய்விட்டது, கண் போகவில்லை. என் கணவரும் மகளும் அதே கூடத்தில் வேலை செய்தவர்கள்.

3. ஆகஸ்ட் 15 அன்று, இந்த ஆண்டில் மூன்றாம் முறையாகக் கூலியைக் குறைத்ததால், கொதிகலனின் அடைப்பைப் பிடுங்கி, நீராவியை வெளியேற்றி ஆலையை நிறுத்தினோம். இதை நான் மறைக்கவில்லை. பிறகு வெறுங்கையோடு சந்தைத் திடலில் கூடி நின்றோம். மாஜிஸ்திரேட் திரு. ஆம்ப்ரோஸ் தார்ன்டைக் படையுடன் வந்தார். அவர் அந்த ஆலையின் பங்குதாரரும் ஆவார். கலைந்து போகச் சொல்லும் சட்டத்தை உரக்க வாசித்ததாகவும், முழுதாக ஒரு மணி நேரம் அவகாசம் தந்ததாகவும் அவர் சத்தியம் செய்திருக்கிறார். அதை வாசித்து ஒரு மணி நேரம் கழியாமல் சுடக் கூடாது என்பது விதி. எங்கள் வாடை அவருக்கு ஆகாது. வாசனை தெளித்த கைக்குட்டையால் மூக்கோடு வாயையும் சேர்த்துப் பொத்தியிருந்தார். அதற்குப் பின்னால் சட்டம் படித்தாரா, பல் குத்தினாரா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

4. தேவாலயக் கடிகாரத்தில் கால் மணி நேரம்கூட நகரவில்லை. படை அதிகாரி குனிந்து ஏதோ கேட்டார். பதில் சொல்ல மாஜிஸ்திரேட் கைக்குட்டையை இறக்கினார். நான் நாற்பது கஜ தூரத்தில் நின்றேன். அவர் உதடு சொன்னதை அப்படியே தருகிறேன்: "மணி ஆகலன்னா இப்ப என்ன? அந்தப் பச்சைச் சால்வைக்காரியில ஆரம்பிங்க. மத்ததுங்க தானா ஓடும்."

5. அது என் மகள் கெஸியா. வயது பத்தொன்பது. முன்வரிசையில், எனக்கு முதுகு காட்டி நின்றாள். அந்தச் சால்வை இப்போது "கலகக்காரர் கொடி" என்ற சீட்டோடு நீதிமன்றத்தில் இருக்கிறது. அது கொடி அல்ல ஐயா. வியர்வையோடு வெளியே வந்தால் சளி பிடிக்குமே என்று காலையில் நான்தான் போர்த்திவிட்டேன்.

6. நான் கத்தவில்லை. "குனிடி கெஸியா, குனி" என்று வாயை மட்டும் அசைத்தேன். பதினெட்டு ஆண்டுப் பழக்கம். கூப்பிட்டுவிட்டதாகவே நினைத்தேன். திடல் அமைதியாகத்தான் இருந்தது, அவளுக்கு இளங்காது, கத்தியிருந்தால் கேட்டிருக்கும். கூட்டத்தின் ஓரத்தில் என் முகத்தைப் பார்த்தபடி நின்ற என் கணவர் மட்டும் அதைப் படித்தார். அவளைக் கீழே தள்ள ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் குண்டு அவள் கழுத்தில் பாய்ந்துவிட்டது.

7. சட்டம் வாசித்த பிறகும் கலையாமல் நின்று, படையினர் மேல் பாய்ந்தார் என்பது என் கணவர் மீதான குற்றச்சாட்டு. அவர் ஏன் ஓடினார் என்று சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னேன். "நாப்பது கஜத்துல பேசினது கேட்டுச்சாக்கும்? உனக்கென்ன கழுதைக் காதா?" என்றார் அரசு வக்கீல். கேட்கவில்லை, பார்த்தேன் என்றேன். உடனே திரு. தார்ன்டைக் எழுந்து, கைக்குட்டையை வாயில் வைத்து என்னவோ முணுமுணுத்துவிட்டு, "எங்கே, இப்ப நான் என்ன சொன்னேன்னு சொல்லு பாப்போம்" என்றார். மன்றமே விழுந்து விழுந்து சிரித்தது. கைக்குட்டையை எடுக்கச் சொல்லுங்கள் என்று மன்றாடினேன். அதற்கும் சிரித்தார்கள். என் சாட்சியைத் தள்ளிவிட்டார்கள். குற்றவாளிக் கூண்டிலிருந்து என் கணவர் எனக்கு மட்டும் உதட்டால் சொன்னார்: "விடு தாபி. நீ கத்தாதது உன் தப்பில்ல." இருபுறமும் நின்ற காவலருக்கு அவர் பேசியதே தெரியாது.

8. என் கணவரை ஏற்றிச் செல்லும் கப்பல் நவம்பர் 10 அன்று புறப்படுகிறது. அதற்குள் என்னைச் சோதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மூடிய கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் தாங்கள் விரும்பும் யாரையும் நிறுத்தி, குரலில்லாமல் பத்து வாக்கியம் பேசச் சொல்லுங்கள். ஒன்று தவறினாலும், பொய்ச்சாட்சி சொன்னவள் என்று என்னையும் நாடுகடத்துங்கள். தவறாவிட்டால் என் கணவரை இறக்கிவிடுங்கள். மகளைக் கேட்கவில்லை.

9. தங்கள் பதில் மாஜிஸ்திரேட் அலுவலகத்துக்குத்தான் வரும் என்கிறார்கள். அதை எனக்குப் படித்துக் காட்டப்போவதும் திரு. தார்ன்டைக்தான். பதில் எதுவானாலும், கைக்குட்டையை எடுத்துவிட்டுப் படிக்கும்படி அவருக்கு ஒரு வரி உத்தரவிடுங்கள்.

அதைப் பார்க்கக் காத்திருக்கும்,

X
(தாபிதா ஷோராக்கின் கைக்குறி)

இடம்: ஹேஸல்கிளஃப்
நாள்: 21 அக்டோபர் 1842