வரிக்கு வரி என்டர்

தி. நகர்
9.6.1996

அன்பு மகள் மதுமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், என் முழங்கால் வலி, ஃபேன் சத்தம் மூவரும் நலம்.

அம்மா உனக்குத் தலை பின்னும்போது முணுமுணுத்த மெட்டு, பேத்தி மஹதிக்குத் தலை வாரும்போது இரண்டு வரிக்கு மேல் வரமாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். அம்மாவோடு போய்விட்டது என்று அழாதே. பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இந்தக் காதில் மிச்சம் இருக்கிறது.

நீ அனுப்பிய இசை எழுதும் புரோகிராமை, பாண்டி பஜாரில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் பீர் முஹம்மது போட்டுக்கொடுத்தார். முதலில் மவுஸ். ஐந்து கோட்டில் புள்ளி வைப்பது கொசு அடிக்கிற மாதிரி. ரி-யைக் குறிவைத்தால் க மேல் விழுகிறது. அப்புறம் வயர் போட்டு கேசியோ கீபோர்டு. நான் தடவித் தடுமாறியதையெல்லாம் அப்படியே எழுதிவிட்டது. மானம் போயிற்று.

"பேசாம டைப் அடிங்க சார், எழுத்துக்கு ஒரு ஸ்வரம்" என்றார் பீர்.

டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையில் இரண்டு தரம் கோட் அடித்தவன்தான். ஆனால் விரல் மறக்கவில்லை. மடமடவென்று முடித்துவிட்டேன். பிளாப்பி இத்துடன்.

அப்பா சக்திவேல்


தி. நகர்
13.6.1996

மதுக்கண்ணு,

அந்தப் பிளாப்பியைப் போடாதே. டைப்ரைட்டரில் வரி முடிந்ததும் தள்ளுகிற பழக்கத்தில், வரிக்கு வரி என்டர் தட்டியிருக்கிறேன். இதில் என்டர் தட்டினால் மௌனமாம். பாட்டு விக்கல் எடுத்த மாதிரி நின்று நின்று போகிறது.

"இன்னா சார், நடுவுல டீ சாப்ட போய்ட்டீங்களா?" என்கிறார் பீர்.

அந்த என்டர் அத்தனையையும் எடுத்துவிட்டு வேறு பிளாப்பி அனுப்பியிருக்கிறேன். அம்மாவின் ஒரே மெட்டு. அதையும் கெடுத்துவைத்தேனோ என்று சோறு இறங்கவில்லை.

அப்பா


நியூ ஜெர்சி
28.6.1996

அன்புள்ள அப்பா,

இரண்டும் ஒரே நாளில் வந்தன. திருத்தியதைத்தான் முதலில் போட்டேன். மெட்டு அதேதான். ஆனால் அம்மா வரவில்லை.

பிறகு பழையதைப் போட்டேன். முதல் வரி முடிந்து நின்றது. என் தலை தானாகப் பின்னால் சாய்ந்தது.

அப்பா, ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு அம்மா பின்னலை இழுப்பாளே, அப்போது எப்படிப் பாடுவாள்? வரிக்கு வரி அங்கேதான் நிற்கும். அடுத்த அறையில் இருந்த நீங்கள் அதைப் பார்த்ததே இல்லை.

இனி எதையும் எடுக்காதீர்கள். தினமும் காலையில் அந்தப் பிளாப்பியைப் போட்டுத்தான் மஹதிக்குப் பின்னுகிறேன். பாட்டு நிற்கும்போது நானும் ரிப்பனைக் கடித்துக்கொள்கிறேன்.

உங்கள் மது