கதவுக்கு அந்தப் பக்கம் ஓட்டு இல்லை

கிளை வளாகம்
ஜூன் 9

அன்புள்ள கொக்கு,

போனில் பேசலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் உன் அறையில் யாராவது கோப்போடு வந்து நின்றுவிடுகிறார்கள். நீ "சொல்லு, சொல்லு" என்கிறாய். சொன்னது ஒன்றும் உன் காதில் ஏறுவதில்லை. கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது பார், அதனால் இது.

முழங்கால் எப்படி இருக்கிறது? பதிவாளர் ஆனதிலிருந்து நீ நடப்பதே இல்லை என்று கேள்வி. இங்கே எல்லோரும் சுகம். இவர் மருந்துக்கடையே கதியாகக் கிடக்கிறார். மகள் அடுத்த வருடம் கல்லூரி. புவியியல் தவிர எது வேண்டுமானாலும் படிப்பாளாம். "வீட்ல ஒரு ரேடியோ போதும்மா" என்கிறாள். நீ ஹாஸ்டலில் வைத்த பேர், இன்னும் என்னை விடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்விப் பேரவைக் கூட்டத்துக்கான பொருள்நிரல் வந்தது. பதினான்காவது பொருள், கிளை வளாகப் புவியியல் துறையைத் தலைமை வளாகத் துறையோடு இணைத்தல். கீழே உன் கையெழுத்து. இணைத்தல் என்றால் மூடுதல்தான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? என் மாணவிகளில் முக்கால்வாசிப் பேர் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பலாம் என்பதால்தான் படிக்கவே வந்தவர்கள். தலைமை வளாகத்துக்குப் போ என்றால், "படிச்சது போதும்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

ஆசிரியர் சங்கத்தில் முடிவெடுத்துவிட்டோம். அந்தப் பொருள் வந்ததும், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் நாங்கள் எல்லோரும் வெளிநடப்பு. சங்கச் செயலாளருக்கு வெளிநடப்பு என்றால் கல்யாண வீடு மாதிரி. இப்போதே சட்டைக்கு இஸ்திரி போட்டிருப்பார்.

நீ உள்ளே இருக்கிறாய். உண்மையில் என்ன நடக்கிறது என்று ஒரு வரி எழுது.

உன்,
ரேடியோ


தலைமை வளாகம்
ஜூன் 14

அன்புள்ள ரேடியோ,

முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இந்தக் கட்டடத்தில் அது மட்டும்தான் அப்படி என்று நினைத்துக்கொள்.

பொருள்நிரலில் இருப்பதைப் பற்றி நான் உறுப்பினர் யாரிடமும் பேசக் கூடாது. நான் பேரவையின் செயலாளர். அங்கே எனக்கு நாற்காலி உண்டு, ஓட்டு கிடையாது, வாயும் கிடையாது. உனக்கு இது புரிவது கஷ்டம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வா. வந்தால் முடியும் வரை இரு. எந்தப் படத்துக்குப் போனாலும் கடைசிக் காட்சிக்கு முன்னால் பஸ்ஸைப் பிடிக்க எழுந்து ஓடுவாயே, அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டு வராதே. இதற்கு மேல் கேட்காதே.

மகளிடம் சொல், புவியியல் படித்தவர்கள் எல்லோரும் ரேடியோ ஆவதில்லை. சிலர் கொக்காகவும் ஆவதுண்டு.

அன்புடன்,
கொக்கு


கிளை வளாகம்
ஜூலை 3

பதிவாளர் அம்மாவுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை, மன்னிக்கவும்.

துணைவேந்தர் பதினான்கு என்று வாயெடுத்ததும் நாங்கள் எழுந்தோம். வாசலை நெருங்கும்போது நீ எழுந்து நின்று, "டீ வந்துட்டு இருக்கு, குடிச்சிட்டுப் போங்களேன்" என்றாய். எங்கள் துறையை மூடும் நேரத்தில் டீ. நான் திரும்பி, "டீயையும் தீர்மானத்தையும் நீங்களே குடிச்சுக்குங்க மேடம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஊருக்குத் திரும்பும் பஸ் முழுக்க எனக்குப் பாராட்டு. சங்கச் செயலாளர், "இனிமே நீங்கதான் நம்ம பேச்சாளர்" என்றார். எனக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போனது.

இன்று கூட்டக் குறிப்பு வந்தது. "பேரவை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது." படித்துவிட்டு ஆசிரியர் அறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாதிப் பேரவை எதிர்ப்புத் தெரிவித்து வெளியே போயிருக்கிறது. அதை ஏகமனது என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? எந்த மேஜையில் உட்கார்ந்து எழுதினாய்? நாம் ஒரே துறையில் பாடம் எடுத்த நாட்களில், உன் அப்பா இறந்தபோது மூன்று மாதம் உன் வகுப்புகளையும் சேர்த்து எடுத்தவள் நான். அதைச் சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதே. சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன்.

பதில் எழுது. அலுவலகத் தாளில் எழுதாதே.

ரேடியோ


தலைமை வளாகம்
ஜூலை 8

ரேடியோ,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோபம் வந்தது. அது கொஞ்சம் அடங்கட்டும் என்று இருந்துவிட்டு எழுதுகிறேன்.

அந்த மன்றத்தில் டீ நாலு மணிக்குத்தான் வரும். அன்று முன்னதாகவே கொண்டுவரச் சொன்னது நான். டீ வந்தால் நீங்கள் பத்து நிமிடம் உட்காருவீர்கள். அதற்குள் சட்டத்துறைப் பேராசிரியர் பேச எழுந்துவிடுவார். அவர் துணைவேந்தர் நியமித்த உறுப்பினர்தான். ஆனால் பொருள்நிரல் வந்த வாரமே இங்கே வராந்தாவில் மருத்துவக் கல்லூரி முதல்வரிடம், "இன்னைக்குக் கிளைத் துறை, நாளைக்கு நம்ம துறை. நான் எதிர்க்கப் போறேன், நீங்களும் கையைத் தூக்குங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. முதல்வர் தலையாட்டினார். உங்கள் ஓட்டோடு அந்த இரண்டும் சேர்ந்திருந்தால் தீர்மானம் தோற்றிருக்கும். அதைத்தான் முடியும் வரை இரு என்று எழுதினேன். அதற்கு மேல் எப்படி எழுதுவது?

நீங்கள் போனதும் அவர் காலி நாற்காலிகளைப் பார்த்தார். கையில் வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். துணைவேந்தர் "எதிர்ப்பு உண்டா" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. வராந்தாவில் உங்கள் கோஷம் கேட்டது. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் ஓட்டு இல்லை, ரேடியோ. இருந்தவர்களில் யாரும் எதிர்க்காவிட்டால் விதிப்படி அதற்குப் பெயர் ஏகமனது. எழுதினேன். எழுதியபோது எனக்கு எப்படி இருந்தது என்று நீ கேட்கவில்லை.

ஒரு வழி இருக்கிறது. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எழுதிக் கேட்டால், மறுபரிசீலனைக்குச் சிறப்புக் கூட்டம் கூட்டித்தான் ஆக வேண்டும். உங்கள் ஆட்களே போதும். கேளுங்கள். வந்து உட்காருங்கள். ஆனால் அந்த இரண்டு பேரைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதே. வீட்டில்கூடச் சொல்லாதே. அவர்கள் கடைசி நிமிடம் வரை துணைவேந்தரின் ஆட்களாகவே தெரிய வேண்டும். நான் இதை எழுதுவதே தப்பு. தெரிந்துதான் எழுதுகிறேன்.

அப்பா விஷயத்தை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

கொக்கு


கிளை வளாகம்
ஜூலை 24

என் கொக்கு,

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

சங்கக் கூட்டத்தில் சிறப்புக் கூட்டம் கேட்போம் என்றேன். கையெழுத்துப் போட யாருக்கும் தயக்கமில்லை. உட்கார்ந்து ஓட்டுப் போடுவதுதான் கசந்தது. "தோக்கறதுக்கு உள்ளே உட்காரணுமா, மேடம்? வெளியே வந்தா பேப்பர்லயாவது வரும்" என்றார் செயலாளர். "தோக்க மாட்டோம்" என்றேன். "எப்படிச் சொல்றீங்க? நியமன ஆளுங்க எல்லாம் அந்தப் பக்கம்." "எல்லாரும் இல்லை" என்று சொல்லிவிட்டேன். "யாரு? சட்டத்துறையா?"

நான் பதில் சொல்லவில்லை. உன் பேரையும் சொல்லவில்லை. ஆனால் நான் வாயை மூடி யாரும் பார்த்ததில்லையே. அதிலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இதை எனக்கு யார் சொல்லியிருக்க முடியும் என்பதும் புரிந்திருக்கும். நாம் இருவரும் ஒரே அறையில் படித்தவர்கள் என்று தெரியாதவர்கள் இங்கே யார் இருக்கிறார்கள்?

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உறுப்பினர்களுக்குத் தைரியம் ஊட்டுகிறேன் பேர்வழி என்று, "நியமன உறுப்பினர்களே நம் பக்கம், நிர்வாகத்துக்குள்ளிருந்தே உறுதியான தகவல்" என்று செயலாளர் சுற்றறிக்கை அடித்து எல்லாத் துறைகளுக்கும் அனுப்பிவிட்டார். எனக்கு இன்று காலையில்தான் தெரிந்தது. அவரிடம் போய்க் கத்தினேன். "எல்லாம் நல்லதுக்குத்தானே மேடம்" என்கிறார்.

எல்லோரையும் உட்கார வைக்க வேண்டும் என்றுதான் பேசினேன். நீ சொன்னதைச் செய்ய வேண்டும் என்றுதான். உனக்கு ஏதும் ஆகாது, இல்லையா? போனை எடுக்க மாட்டேன் என்கிறாய்.

ரேடியோ


தலைமை வளாகம்
ஆகஸ்ட் 19

ரேடியோ,

சிறப்புக் கூட்டத்தில் என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருப்பாய். ஏன் என்று கேட்டு நீ அனுப்பியவற்றையெல்லாம் படித்தேன்.

துணைவேந்தர் குரலை உயர்த்தவே இல்லை. சுற்றறிக்கை மேஜைமேல் இருந்தது. "உங்க துறையில ஆள் பற்றாக்குறைன்னு சொல்றாங்க மேடம். நீங்க திரும்பிப் போய்ப் பாடம் எடுத்தா பிள்ளைங்களுக்கு நல்லது" என்றார். "பதிவாளர் ரகசியத்தை வெளியே விட்டாரா?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். சாவிகளை ஒப்படைத்துவிட்டேன். அறைக்கு வெளியே இருந்த என் பெயர்ப்பலகையைக் கழற்ற ஸ்குரூடிரைவர் கிடைக்காமல் அலுவலக உதவியாளர் அரை நாள் அலைந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

கூட்டத்தில் உங்கள் ஆட்கள் எல்லோரும் கடைசி வரை உட்கார்ந்தார்களாம். நல்லது. சட்டத்துறைப் பேராசிரியருக்கு அன்று காய்ச்சல். மருத்துவக் கல்லூரி முதல்வருக்கு வெளியூரில் வேலை. தீர்மானம் அப்படியே நின்றுவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விஷயம் வெளியே வந்தபின் யார்தான் வருவார்கள்?

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அது தெரிவதால் ஒன்றும் லேசாகிவிடவில்லை. கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே.

இப்படிக்கு,
பேராசிரியர், புவியியல் துறை


தலைமை வளாகம்
அக்டோபர் 12

கொக்கு,

எழுதாதே என்றாய். ஒரே அறையில் உன் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். என்ன செய்வது, இணைத்தல் என்று முடிவானதும் என் மேஜையை இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். "ஜன்னலை மூடட்டுமா?" "ம்." நான் வந்ததிலிருந்து நமக்குள் நடந்த நீண்ட உரையாடல் இதுதான். மற்ற ஆசிரியர்கள் நம்மைப் பார்த்துவிட்டு வராந்தாவில் போய்ச் சாப்பிடுகிறார்கள்.

கிளை மாணவிகளில் பாதிப் பேர்கூட இங்கே வரவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும், வருகைப் பதிவு எடுக்கிறாயே. ஒருத்தி எங்கள் மருந்துக்கடையில் பில் போடுகிறாள். இவர்தான் பாவம் என்று வேலை கொடுத்தார். நான் கடைக்குள் போனால் "மேடம்" என்று எழுந்து நிற்கிறாள். உட்காரம்மா என்றாலும் உட்கார மாட்டேன் என்கிறாள். எனக்கு அந்தப் பக்கம் போகவே கால் வரவில்லை.

சண்டையை முடித்துக்கொள்ளலாம் என்று எழுத வந்தேன். முடியவில்லை. என்னிடம் நீ கேட்டது ஒன்றே ஒன்று, வாயை மூடு என்பது. அதற்கு நான் எதைக் கொடுத்தாலும் ஈடாகாது.

வேறொன்று கேட்கிறேன். பேரவைக்கு ஆசிரியர் தேர்தல் வருகிறது. நான் நிற்கப் போவதில்லை. நீ நில். இத்தனை வருடம் அந்த மன்றத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் தூக்கிய கையை எண்ணினாய். விதி தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் யாருமே இல்லை, எழுந்து நிற்கத் தெரிந்தவர்கள்தான் நிறைய. அடுத்து நிலவியலை இணைக்கப் போகிறார்களாம். இந்த முறை உனக்கு ஓட்டு இருக்கும்.

இதோடு வேட்புமனுவை வைத்திருக்கிறேன். முன்மொழிபவர் இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சம்மதம் என்றால் கீழே நீ போடு. இல்லையென்றால் தாளை என் மேஜையிலேயே வைத்துவிடு. பேச வேண்டியதில்லை.

ரேடியோ


அக்டோபர் 13

ரேடியோ,

நிற்கிறேன். நிலவியலுக்காக மட்டும் இல்லை. அந்த மன்றத்தில் எனக்கும் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

உன் மனுவைத் திருப்பித் தருகிறேன். அலுவலகத்தில் வேறொரு தாள் வாங்கிக்கொண்டேன். முன்மொழிபவராக நூலகரைக் கேட்டிருக்கிறேன், அவர் சரி என்றார். நீ யாருக்கு ஓட்டுப் போடுவாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயர் இப்போது வேண்டாம்.

மருந்துக்கடையில் இருக்கும் பெண்ணுக்குத் தொலைநிலைக் கல்வியில் இடம் கிடைக்கும். பழைய மதிப்பெண்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், அந்த விதியை எழுதியது நான்தான். இந்த மாதக் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவளை நேரே என்னிடம் அனுப்பு. நீ கூட வர வேண்டாம்.

கொக்கு