ஒரே பெட்டியில் இரண்டு நண்டுகள்

திருப்பதி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தரணிக்கு நைனாவின் ஆசிகள்.

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையொன்றுமின்றி இருக்கிறோம். பெர்த்தில் நீயும் சிங்கப்பூரில் மாப்பிள்ளை சுதீரும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். சுதீருக்கு உன் ஊரிலேயே வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் பதவி ஒரு படி கீழே, ஏற்கலாமா என்று நீ கேட்டிருந்தாய். ஆராயாமல் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை; ஆகவேதான் தாமதம். இதற்கிடையில் வீட்டில் ஒரு நற்செய்தி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்; உனக்கான பதிலும் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையிலிருந்து நானும் எங்கள் கல்லூரிச் சகா சம்பத்தும் கொண்டுவந்த இரண்டு நண்டுப் புதைபடிவங்கள் உனக்கு நினைவிருக்கும். ஒன்றுக்குக் கொடுக்கு பெரியது, ஓடு சற்றுத் தட்டை. மற்றதற்குக் கொடுக்கு சிறியது, ஓடு புடைப்பு. அளந்து, படம் வரைந்து, இதுவரை யாரும் விவரிக்காத இரண்டு புதிய இனங்கள் என்று கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். முதலாவதற்கு ஊரின் பெயர், இரண்டாவதற்கு உன் அம்மாவின் பெயர். தாட்சாயணி என்னும் பெயரில் ஒரு நண்டு வரப்போகிறது என்று அவள் தன் பள்ளி ஆசிரியர் அறை முழுவதும் அறிவித்துவிட்டாள்; தெலுங்கு டீச்சர் இனிப்பு வேறு கேட்டிருக்கிறார். கட்டுரையைச் சரிபார்த்தவரோ ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: அடிவயிற்றைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை. இரண்டுமே வயிற்றுப் பக்கம் பாறையோடு ஒட்டியிருந்தன. பெயருக்கு ஆதாரமாக வைக்கும் மாதிரியில் கை வைக்கலாகாது என்பது என் கொள்கை. குடையும்போது ஓடு நொறுங்கினால் நாலு வருட உழைப்பு மண்ணாகிவிடும். சம்பத் கேட்கவில்லை. "திருப்பாம எப்டி சார் தெரியும்? நான் புடிச்சிக்கினு இருக்கேன், நீங்க ஊசியப் போடுங்க" என்று பசையோடு வந்து நின்றார். மேலோட்டுக்குப் பசை தடவி, மணல் பையின்மேல் கவிழ்த்து, ஊசியால் பாறையைத் துகள் துகளாக நீக்கினோம். ஒருமுறை 'டிக்' என்று சத்தம் கேட்டதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். உடைந்தது நல்லவேளையாக வெறும் பாறை. பெரிய கொடுக்கு உடையதன் வயிற்று மடிப்பு ஒடுங்கிக் கூராக இருந்தது. மற்றதன் மடிப்பு வயிறு முழுவதையும் மூடும் அகலம். ஆணும் பெண்ணும், தரணி. ஒரே இனம்.

மீன் மார்க்கெட்டில் ஒவ்வொரு நண்டையும் மல்லாத்திப் பார்த்து, சதைக்கு ஆண்தான் வேண்டும் என்று பொறுக்குபவள் அல்லவா உன் அம்மா? அன்று மாலை நான் சொன்னதைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "புருஷன் பொஞ்சாதிய ஆளுக்கொரு டப்பாவுல போட்டு வெச்சிக்கினு, வேற வேற இனம்னு எழுதியிருக்கீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்குதா?" என்றாள். ஓர் இனத்துக்கு ஒரு பெயர்தான், ஊர்ப் பெயரே கட்டுரையில் முன்னால் வந்தது, ஆகவே அவள் பெயர்தான் விழவேண்டும் என்று விளக்கினேன். வருந்துவாள் என்றுதான் நினைத்தேன். "பேரு போனா போவட்டும். அதுக்கு பதிலா ரெண்டையும் ஒண்ணா வையுங்க" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கவனிக்கப் போய்விட்டாள். திருத்திய கட்டுரை நேற்று ஏற்கப்பட்டது. தெலுங்கு டீச்சருக்கும் இனிப்பு போய்ச் சேர்ந்தது. ஒரு மாதிரிக்கு ஒரு பெட்டி என்று எங்கள் துறைச் சுவரில் விதி எழுதி ஒட்டியவன் நான்தான்; நேற்றே பெட்டி ஒன்றாகிவிட்டது. சம்பத் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மூடியைச் சாத்தினேன்.

பதவி, படி எல்லாம் மேலோட்டின் அளவுகள், அம்மா. மாப்பிள்ளையை வரச் சொல்.

பாஸ்போர்ட் காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்க மறவாதே. பங்காருபாளையம் மாங்காயில் அம்மா ஆவக்காய் போட்டிருக்கிறாள்; உங்கள் நாட்டுச் சுங்க விதிகளைப் படித்தபின் அனுப்புகிறேன். போன வருடம் போல இரண்டு பார்சல் கட்டமாட்டேன். ஒரு ஜாடிதான், ஒரே முகவரிக்கு.

இருவரும் நிறைவாக வாழ்க.

உன் நைனா,
சிவசங்கரன்