அரிவாளில் ஏறிய செம்பு

24 ஏப்ரல் 1938, ஞாயிறு. ராயப்பன்பட்டி

இன்று என் கையால் இரும்பு செம்பானது. தேதியைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன், பின்னால் யாராவது கேட்பார்கள்.

திராட்சைப் பந்தலுக்குத் தெளிக்க மண்பானையில் மயில்துத்தம் கரைத்தேன். அந்த நீலக் கட்டி லேசில் கரையவில்லை. பக்கத்தில் கிடந்த அரிவாளை விட்டுக் கலக்கியவன், அதை அப்படியே மறந்துவிட்டுப் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய்விட்டேன். வந்து எடுத்தால் — தண்ணீருக்குள் இருந்த பாதி முழுக்கச் செம்பு! விளக்கிய குடம் மாதிரிச் சிவப்பு!

சுருளி மலைச் சித்தர்கள் ஆயுசு முழுக்கத் தேடிய ரசவாதம், எட்டாம் வகுப்பு முக்கால்வாசி படித்த எனக்கு ஒரு பூசை நேரத்தில் வாய்த்தது.

என் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "நல்ல அரிவாளக் கெடுத்துப்புட்டு நிக்கிறீக. இனி சோளத்தட்டை அறுக்க ஒங்க நாக்கையா கொண்டு போறது?" என்றாள். கிடக்கிறாள்.

27 ஏப்ரல்

சேதி உத்தமபாளையம் சந்தை வரை போய்விட்டது. நான்தான் கொண்டு போனேன். அங்கே அரிவாள் ஏர்க்கொழுவாகி, கொழு வண்டிச் சக்கரப் பட்டையாகி, எல்லாம் பேச்சுவாக்கில் வளர்ந்தது.

அக்கா மகள் ஞானசெல்விக்கு அனுமந்தன்பட்டியில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறேன். அவனுடைய அப்பா இதைக் கேட்டுவிட்டு, "இப்பேர்ப்பட்ட தாய்மாமன் இருக்குற வீடா!" என்றாராம். சம்பந்தம் முடிந்த மாதிரிதான். வைகாசிக்குள் தட்டு மாற்றிக் காட்டுவதாக, பெண்ணின் அப்பாவான என் மச்சானிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் வாக்கு என்றால் இந்தப் பள்ளத்தாக்கே நம்பும்.

2 மே

ஞானசெல்வி திருச்சியிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள். கன்னியாஸ்திரிகள் காலேஜில் இண்டர்மீடியட், ரசாயனம். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. மச்சான் இம்மட்டும் போதும் என்கிறார்.

அரிவாளைக் காட்டினேன். நகத்தால் சுரண்டினாள். செம்பு தூளாக உதிர்ந்தது. அடியில் இரும்பு.

"மாமா, துத்தத்துக்குள்ள இருந்ததே செம்புதான். அது வெளிய வந்து ஒட்டிக்கிருச்சு. அந்த அளவுக்கு இரும்பு தண்ணிக்குள்ள எறங்கிருச்சு. ஆளு மாறல, இடந்தான் மாறிருக்கு."

"அப்ப நான் செஞ்சது?"

"நீங்க அரிவாள மறந்தீக."

3 மே

சாப்பாடு இறங்கவில்லை. கோபத்தில் அல்ல. அவள் புத்தகத்தின் கடைசியில் மடித்து வைத்த தாள் ஒன்றைப் பிரித்துக் காட்டினாள். கட்டம் கட்டமாக இந்த உலகம்! மலை, ஆறு, மாடு, நான், எல்லாம் அந்தக் கட்டங்களில் உள்ள மூலகங்கள்தானாம். ஒவ்வொன்றும் அணு அணுவாக. அணுவின் நடுவில் ஒரு கரு, அதற்குள் புரோட்டான். அதன் எண்ணிக்கைதான் பேர், ஊர், குணம் எல்லாம். ஒன்று என்றால் ஹைட்ரஜன். இருபத்தாறு என்றால் இரும்பு. இருபத்தொன்பது என்றால் செம்பு.

"வெறும் மூணுதான வித்தியாசம்? கூடப் போட்டா?"

"போட்டா ஆகும் மாமா. ஆனா அந்தக் கருவுக்குள்ள நம்ம துத்தமும் போகாது, அடுப்பும் போகாது."

கரு எவ்வளவு பெரிது என்று கேட்டேன். நம் கோயில் பீடத்தில் ஒரு திராட்சைப் பழத்தைக் கருவாக வைத்தால், அதைச் சுற்றும் எலக்ட்ரான் பக்கத்து ஊர் ஆனைமலையன்பட்டிப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்குமாம். நடுவில்? "ஒண்ணுமில்ல." உட்கார்ந்திருந்த கல்லைத் தட்டிப் பார்த்தேன். கல்லாகத்தான் இருந்தது. இந்தக் கல்லுக்குள் இத்தனை வெட்டவெளியா? ஆண்டவரே.

சில கட்டங்கள் காலி. கேட்டால், அந்த மூலகம் இன்னும் சரியாகப் பிடிபடவில்லையாம். ஆனால் உண்டு, அதன் குணம் இன்னது என்றுகூடச் சொல்கிறார்கள். வராத விருந்தாளிக்குப் பந்தியில் இலை போட்டு வைத்திருக்கிறார்கள்!

நானும் வாய் கூசாமல் பேசுகிறவன்தான். இந்த அளவுக்கு எனக்குக்கூடத் தோன்றவில்லை.

6 மே

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினேன். கால்சியம். இருபது. வாயில் போட ஒரு மாதிரிக் கூச்சமாக இருந்தது.

14 மே

ஞானசெல்வி வந்து நின்றாள். "மாமா, மிச்சத்த அடுத்த வருசந்தான் சொல்லித் தருவாக. நீங்க சொன்னா அப்பா கேப்பாக."

"பாக்கலாம் ஆத்தா" என்றேன். எதைப் பார்ப்பது? வாக்குக் கொடுத்தவனே நான். இனி எந்த முகத்தோடு பின்வாங்க?

22 மே, ஞாயிறு

அனுமந்தன்பட்டியிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒரு பழைய கொழுவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"மொதல்ல இதச் செம்பாக்குங்க, அப்புறம் தட்ட மாத்துவோம்" என்று சிரித்தார். பிறகு ஞானசெல்வி பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பிள்ள. ஒம் மாமா சொன்னது நெசந்தானா, சொல்லாத்தா."

அவள் என்னைப் பார்த்தாள். தலை குனிந்துகொண்டாள். "மாமாவையே கேளுங்க" என்றாள்.

இரும்பின் வயிற்றுக்குள் புகுந்து பேசின பிள்ளை, என் மானத்துக்காக வாயை மூடிக்கொண்டு நிற்கிறது. தட்டு மாறினால் ஆயுசு முழுக்க இப்படித்தானே நிற்கும்?

நானே சொல்லிவிட்டேன். "நான் ஒண்ணும் ஆக்கல. செம்பு துத்தத்துலயே இருந்தது. இரும்போட கருவுல இருபத்தேழு இருக்கு —"

"இருபத்தாறு மாமா." அவளை மீறி வந்துவிட்டது.

"ஆத்தாடி, மாமனுக்கே பாடமா!" என்றார் அவர். "எங்க வீட்டுல அரிசியில கல்லு எண்ணுனாப் போதும்மா. படிச்ச வரைக்கும் சரி."

எல்லோரும் சிரித்தார்கள். தட்டை என்னிடம் நீட்டினார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் கை வாங்காமல் தட்டு மாறாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"பிள்ள படிப்ப முடிக்கட்டும். அதுவரைக்கும் இந்தக் கை நீளாது."

மச்சான் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வண்டி போய்விட்டது. கொழுவைக்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

25 மே

மச்சான் என்னோடு பேசவில்லை. அக்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "தட்டத் தடுத்தவனே கொண்டுபோய்ப் படிக்க வைக்கட்டும். நான் வாசப்படி எறங்க மாட்டேன்."

20 ஜூன்

தேனி ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டேன். பெண்கள் பெட்டியில் துணைக்கு ஒரு டீச்சரம்மா இருந்தார்கள். அவர்களிடம் பிள்ளையைப் பற்றி உள்ளதை மட்டுமே சொன்னேன். அதுவே போதுமானதாக இருந்தது.

17 ஜூலை

பொழுது சாயும் நேரத்தில் பந்தலுக்கு மச்சான் வந்தார். வரப்பில் உட்கார்ந்தார். பீடி பற்றவைத்தார். குச்சி எரிந்து முடிகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இந்த நெருப்பு எந்தக் கட்டத்துல இருக்கு?"

இட்டுக்கட்டிய பதில் ஒன்று என் நாக்கு நுனியில் வந்துவிட்டது, கைகால் முளைத்து. விழுங்கிக்கொண்டேன்.

"தெரியல மச்சான். அவகிட்டத்தான் கேக்கணும்."

பீடியைத் தட்டிவிட்டுக் கேட்டார். "லீவு எப்ப விடுவாக?"