கலே ஷு, கலே பே

அக்கா,

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நேற்றுக் காலை, தேய்க்க வந்த மூட்டையிலிருந்து யாருடையதோ ஒரு பச்சை ஸ்வெட்டரை எடுத்து, நடுத்தெருவில் நின்றபடி முகத்தில் அழுத்தி மோந்துகொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தால் சொந்தக்காரர் எதிரே நிற்கிறார். பாங்கில் வேலை பார்க்கும் மனுஷர். "ஏனம்மா இது?" என்றார். "சூடு தாங்குமான்னு பாத்தேன் சார்" என்றேன். மூக்கால் சூடு பார்க்கும் இஸ்திரிக்காரியை இன்றைக்குத்தான் பார்க்கிறோம் என்று நினைத்திருப்பார்.

பாச்சை உருண்டை வாசம், அக்கா. உங்கள் கடை முழுக்க அதுதானே.

ஐப்பசி பிறந்தால் பைலக்குப்பே அகதிக் குடியிருப்பிலிருந்து ஸ்வெட்டர் மூட்டைகளோடு வந்து, தேவராஜ மொஹல்லாவில் என் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்து நடைபாதையில் கயிறு கட்டுவீர்கள். தை முடியும்வரை அந்த இடம் உங்களுடையது. திபெத்துக்காரர் என்று தெரியாமல் தெருவே உங்களைச் சீனாக்காரி என்றது. நானும்தான். நீங்கள் பதிலுக்கு என்னைத் தமிழ்நாட்டுக்காரி என்றீர்கள். "நான் கௌதள்ளியில பொறந்தவ, அதுவும் கர்நாடகந்தான்" என்று சண்டைக்கு வந்தேன். "பைலக்குப்பே மட்டும் எங்கே இருக்கு?" என்று கேட்டீர்கள். அதற்கப்புறம் இருவரும் சேர்ந்து டீ குடித்தோம். அந்த டீயில் உப்பும் வெண்ணெயும் போட்டிருந்தீர்கள். புளி மறந்த ரசம் என்றேன். மறுநாள் என் ரசத்தைக் குடித்துவிட்டு, டீத்தூள் மறந்த டீ என்றீர்கள்.

நமக்குள் அப்போது கன்னடம்தான். உங்கள் கன்னடத்தில் இந்தி கலந்திருக்கும், என்னுடையதில் தமிழ். கேட்ட கன்னடக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் தமிழ்க் குடும்பம் ஒன்று ஸ்வெட்டர் பார்க்க வந்தது. அந்தப் பெண் புருஷனிடம், "மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கு, வெல சொல்றதுல பாவமே இல்ல. பேசாம எந்திரிச்சு நட, பின்னாடியே கூப்பிடுவா" என்றாள். நடந்தார்கள். நீங்களும் கூப்பிட்டீர்கள். அவர்கள் போனபின், என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டீர்கள். நீங்கள் ரொம்ப அழகாம் என்றேன். நீங்கள் நம்பவில்லை. நாளையிலிருந்து எனக்குத் தமிழ் சொல்லிக்கொடு என்றீர்கள்.

அப்படியானால் உங்கள் பாஷையை எனக்குச் சொல்லுங்கள் என்றேன். போனில் யாரிடமோ பேசிச் சிரிக்கிறீர்களே, அது என்னைப் பற்றித்தானா என்று தெரிய வேண்டாமா? விளையாட்டுக்குச் சொன்ன காரணம் அது. உண்மையான காரணத்தை உங்களிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் போனபிறகு வீட்டில் நான் தமிழில் பேசினால் பதில் கன்னடத்தில் வந்தது. மருமகள் நல்லவள், கன்னடக்காரி. மகனும் வரவர அவள் பக்கத்துப் பாஷைதான். பேத்தியிடம் "சாமி, கொஞ்சம் தண்ணி கொண்டாடா" என்றால், "அஜ்ஜி, சரியாகி மாத்தாடு" என்பாள். ஒழுங்காகப் பேசு என்று அர்த்தம். ஆறு வயசு. நானும் ஒழுங்காகப் பேசிப் பேசி, ராத்திரி படுக்கும்போது வாய் ஏதோ ஒரு வேலையை முடிக்காமல் விட்டதுபோல இருக்கும். உங்கள் மகன் கனடாவில். நீங்களும் யாரிடம் பேசினீர்கள்?

அக்காவுக்கு உங்கள் பாஷையில் அச்சா. மரியாதைக்கு ஒரு லா சேர்த்து அச்சா-லா. நான் "அச்சா" என்று கூப்பிட்டதும் எதிர்ப் பேக்கரி மலையாளத்துக்காரர் திரும்பிப் பார்ப்பார். அவர் பிள்ளைகள் அவரை அப்படித்தான் கூப்பிடும். அதைப் பார்ப்பதற்காகவே சத்தமாகக் கூப்பிட்டேன்.

நீங்கள் எல்லாவற்றுக்கும் லா ஒட்டுவீர்கள். எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ங்க ஒட்டுவோம். எதற்கும் இருக்கட்டும் என்று நீங்கள் இரண்டையும் ஒட்டிவிட்டீர்கள். "சரிங்க-லா." "வேண்டாமுங்க-லா." இந்த உலகத்திலேயே உங்களைவிட மரியாதையாகத் தமிழ் பேசினவர்கள் கிடையாது. அடுத்த வருஷம் இன்னொரு தமிழ்க் குடும்பம் அதே தந்திரத்தோடு எழுந்து நடந்தபோது, உட்கார்ந்த இடத்திலிருந்து, "நடங்க-லா, மெதுவா நடங்க. நான் கூப்பிட மாட்டேனுங்க" என்றீர்கள். திரும்பி வந்து இரண்டு ஸ்வெட்டர் வாங்கிப் போனார்கள். நான் சிரித்த சிரிப்பில் ஒரு வெள்ளைச் சட்டை காலர் மஞ்சளாகிவிட்டது.

எனக்கு உங்கள் அளவுக்கு ஏறவில்லை. தண்ணீருக்கு சு, டீக்கு ஜா. இப்படி ஒரு கைப்பிடி. விடைபெறும் வார்த்தைதான் கடைசிவரை குழப்பியது. போகிறவர் இருக்கிறவரைப் பார்த்துச் சொல்ல வேண்டியது கலே ஷு: மெல்ல இரு. இருக்கிறவர் போகிறவரைப் பார்த்துச் சொல்ல வேண்டியது கலே பே: மெல்லப் போ. எப்போதும் இருக்கிறவள் நான், எனக்குத் தேவை ஒன்றே ஒன்றுதான். ஆனால் நீங்கள் சொன்னதைத்தானே காது பிடித்துக்கொள்ளும்? ஒவ்வொரு தை முடிவிலும் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் "கலே ஷு" என்பீர்கள், நானும் "கலே ஷு" என்பேன். "போறது நானு-லா. என்னைய எங்க இருக்கச் சொல்ற?" என்று படியில் நின்றுகொண்டு திட்டுவீர்கள். கண்டக்டர் விசில் அடிப்பார்.

கடைசித் தடவை உங்களுக்கு இருமல் இருந்தது. மூட்டைகளை நான்தான் ஏற்றினேன். நீங்கள் ஜன்னல் வழியாகக் "கலே ஷு" என்றீர்கள். நான் வழக்கம்போலத் தப்பாகவே சொன்னேன். நீங்கள் திருத்தவில்லை. "இருக்கேனுங்க-லா" என்றீர்கள்.

அடுத்த ஐப்பசியில் உங்கள் தம்பி மகள் மட்டும் வந்து இறங்கினாள். "அத்தெ ஹோகிபிட்ரு, ஆன்ட்டி" என்றாள். அத்தை போய்விட்டார். அவளிடம் எனக்குத் தெரிந்த அத்தனை வார்த்தையையும் வரிசையாகச் சொன்னேன். துக்கம் விசாரிக்க அதில் ஒன்றும் இல்லை. தண்ணீர், டீ, அக்கா என்று சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறு வருஷம் அவளும் வரவில்லை. பெங்களூரில் வேலையாம். உங்கள் இடத்தில் இப்போது ஒருவர் செல்போன் உறை விற்கிறார்.

தமிழ் பேச ஆள் வேண்டும் என்றுதான் உங்களைப் பிடித்தேன். இப்போது பேச ஆளில்லாத பாஷை எனக்கு இரண்டாகிவிட்டது. வாடிக்கையாளர்களிடம் "நாளைக்கு வாங்க-லா" என்று என்னையறியாமல் வந்துவிடுகிறது. யாரும் ஏனென்று கேட்டதில்லை. வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

நேற்றுச் சாயந்திரம், பின் சந்தில் புதிதாகத் திறந்த பியூட்டி பார்லரின் கண்ணாடி வழியாக ஒரு பெண்ணைப் பார்த்தேன். உங்கள் கன்னம், உங்கள் கண். வண்டியை விட்டுவிட்டு உள்ளே போய், மூச்சு வாங்க, "தாஷி தெலேக்" என்று வணக்கம் சொன்னேன்.

அவள் யோசித்தாள். "ஆ ஃபேஷியல் நம்மல்லி இல்லா, ஆன்ட்டி" என்றாள். அந்த ஃபேஷியல் அவர்களிடம் இல்லையாம். பழம் இருக்கிறதாம், தங்கம் இருக்கிறதாம்.

எந்த ஊர் என்று கேட்டேன். மணிப்பூர் என்றாள்.

வந்துவிட்டு வெறுமனே திரும்பினால் நன்றாயிருக்காது என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். புருவம் திருத்த நூலை எடுத்தாள். பாதியில் எனக்குத் தும்மல் வந்தது. வலது புருவம் நன்றாக வந்திருக்கிறது. இடது புருவமே இல்லை.