துண்டு காட்டிய காற்றும் சக்கரபாணியின் இரண்டாவது பட்டையும்

அனுப்புநர்:
சி. கோவிந்தராசு (வயது 71),
பஞ்சாலைத் தொழிலாளி (ஓய்வு),
நெல்லித்தோப்பு, புதுச்சேரி.

பெறுநர்:
தலைமைப் பொறுப்பு அதிகாரி அவர்கள்,
கடலோர வான்துணைத் தொண்டர் அணி, புதுச்சேரி.

பொருள்: சென்ற கார்த்திகை மாத விமான அறிக்கையைத் திருத்தவும், பதவிப் பட்டைத் தேர்வு எழுத என்னை அனுமதிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. தை மாதம் முதல் மாலை வகுப்பில் தீபலட்சுமி டீச்சரிடம் படித்து, இப்போது நானே எழுதுகிறேன். எழுதத் தொடங்கி இன்று நான்காவது நாள். இதில் எனக்குள்ள சந்தோஷத்தைத் தாங்கள் மன்னிக்க வேண்டும். புகார் மனுவில் சந்தோஷம் இருக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

2. கடலில் காணாமல் போகும் படகுகளைத் தேடும் நம் சிறிய விமானத்துக்கு ஒன்பது ஆண்டுகளாகத் தொண்டு செய்கிறேன். ஓடுபாதையில் நாய் விரட்டுவது, விமானத்தைத் துடைப்பது, காற்றின் திசை காட்டும் துணிப்பையைக் கம்பத்தில் கட்டுவது என் வேலை. சம்பளம் கிடையாது, கேட்டதும் இல்லை.

3. நாம் பட்டாளத்தார் இல்லை என்றாலும் ஞாயிறுதோறும் அணிவகுப்பு உண்டு. தோளில் பதவிப் பட்டை இல்லாதவர் பட்டை உள்ளவருக்கு முதலில் சல்யூட் அடிக்க வேண்டும் என்பது நம் வழக்கம். முதல் பட்டைக்கு எழுத்துத் தேர்வு உண்டு. எனக்கு எழுத்து தெரியாது. ஆகவே ஒன்பது ஆண்டுகளாக நான் கடைசி ஆள். எனக்குக் கீழே ஓடுபாதை நாய்கள் மட்டும்தான்.

4. வங்கியில் ஓய்வு பெற்ற திரு. சக்கரபாணி சேர்ந்து மூன்று ஆண்டுதான் ஆகிறது. ஆறே மாதத்தில் முதல் பட்டை வாங்கினார். அவர் சட்டை கஞ்சி போட்டு நிற்கும். தொப்பியைப் பிளாஸ்டிக் பையில் வைத்துக் கொண்டுவருவார். சல்யூட் அடிக்கும்போது அவர் முழங்கை தொங்கும். என் முழங்கை தொங்காது. எனக்கு அவர்மேல் பொறாமை உண்டு, அதிகாரியிடம் மறைப்பது முறையல்ல. இத்தனைக்கும் அவர் நல்ல மனிதர். மழை நாட்களில் என்னைத் தம் ஸ்கூட்டரில் வீட்டில் விடுவார். அதுவும் எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.

5. கார்த்திகையில் ஒரு படகைத் தேடிவிட்டு நம் விமானம் மழையில் திரும்பியது. வாக்கிடாக்கி நனைந்து பேசவில்லை. துணிப்பையும் நனைந்து கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. பார்ப்பவருக்குக் காற்றே இல்லை என்று தோன்றும். ஆனால் காற்று மாறி, மேற்கிலிருந்து என் முதுகைத் தள்ளியது. நான் என் தோள் துண்டைப் பிழிந்து, இரு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுபாதை ஓரமாக ஓடினேன். துண்டு கிழக்கே பறந்ததை விமானி பார்த்தார். விமானத்தைத் திருப்பி, காற்றுக்கு எதிர்முகமாக மறுபக்கத்திலிருந்து பத்திரமாக இறக்கினார். அப்போது சக்கரபாணி அலுவலகத்தில் வாக்கிடாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

6. மறுநாள் அவர் ஒரு தாளை நீட்டி, "அண்ணே, இங்க ஒரு ரேகை வைங்க. எல்லாம் நல்லபடியா எழுதியிருக்கேன்" என்றார். வைத்தேன். அந்த அறிக்கைக்காக அவருக்கு இரண்டாவது பட்டை கிடைத்தது. நானும் கை தட்டினேன். வீட்டில் என் மனைவி ரஞ்சிதம், "அந்தாளு தோள்ல ரெண்டு பட்ட மின்னுது. ஒன் தோள்ல என்னா இருக்குது? துண்டு!" என்றாள்.

7. சென்ற மாதம், அலுவலகச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய அந்த அறிக்கையை முதன்முறையாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். "காற்று மாறியதைத் திரு. சக்கரபாணி கவனித்து விமானிக்குத் தெரிவித்தார்" என்று இருக்கிறது. துண்டு என்ற சொல் எங்கும் இல்லை. கீழே சாட்சியாக என் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. படிக்க முடிந்ததே என்று சிரித்தேன், பிறகுதான் படித்தது என்ன என்று உறைத்தது.

8. அத்துடன் நம் விதிப் புத்தகத்தையும் இரண்டு மாலை உட்கார்ந்து படித்தேன். தொண்டர்கள் ஒருவருக்கொருவர் சல்யூட் அடிப்பது கட்டாயமில்லை, விருப்பம் என்று ஒன்பதாம் விதி சொல்கிறது. நான் ஒவ்வொரு ஞாயிறும் அடித்திருக்கிறேன்.

9. ஆகவே அறிக்கையில் என் பெயரையும் என் துண்டையும் சேர்க்க வேண்டுகிறேன். பட்டைத் தேர்வு எழுத என்னை அனுமதிக்க வேண்டுகிறேன். எழுத்து தெரியும் என்பதற்கு இந்த மனுவே சாட்சி. சக்கரபாணியின் பட்டையைப் பிடுங்க வேண்டாம். இந்த வரியை இரண்டு முறை எழுதி அடித்துவிட்டு, மூன்றாம் முறை எழுதுகிறேன்.

10. ஒன்பதாம் விதியைத் தாங்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டினால் சல்யூட் வழக்கம் நின்றுவிடக்கூடும். தயவுசெய்து கொஞ்ச நாள் அதைப் படிக்க வேண்டாம். அவருக்கு இரண்டு பட்டை என்றாலும், ஒரே ஒரு ஞாயிறு சக்கரபாணி எனக்கு முதலில் சல்யூட் அடிக்கட்டும். முழங்கை தொங்கினாலும் பரவாயில்லை. அதன் பிறகு படித்துக் காட்டுங்கள். தாங்கள் விரும்பினால் நானே படிக்கிறேன்.

இடம்: புதுச்சேரி
நாள்: 03.08.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
சி. கோவிந்தராசு
(கையொப்பம். ரேகை அல்ல.)