தொடாதே என்று நீங்கள் சொன்ன மெயில்

கரோல் பாக், புது டில்லி
புதன்கிழமை

அன்புள்ள ஸ்நேகா அப்பாவுக்கு,

கோமளா எழுதுவது. நானும் ஸ்நேகாவும் நலம். அங்கே மஸ்கட்டில் உங்கள் இருமல் நின்றதா? போனில் பேசினால் நடுவில் புகுந்து என்னை மடக்கிவிடுவீர்கள். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்ன மெயில் வந்தது. ‘டில்லிமீல்ஸ்’ என்ற நம் இணையதளப் பெயரைத் தங்களுக்கு மாற்றித் தரச் சொல்லி ஒரு பெங்களூர் கம்பெனி விண்ணப்பித்திருக்கிறதாம். வேண்டாம் என்றால் ஐந்து நாளுக்குள் அதில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குப் பெயர் தானாகவே போய்விடும். “மெயில் வரும், தொடாதே, அப்படியே விட்டுடு” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். பெண்டாட்டி பேரில் வாங்கினால் ராசி என்று நாற்பது பெயரையும் என் பேரில் பதிவு செய்தவர் நீங்கள். விற்கும்போது மட்டும் என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

பெயர்களெல்லாம் மனை மாதிரி, பத்து வருஷம் தொடாமல் வைத்திருந்தால் தங்கம் என்பீர்கள். ஏழு வருஷம் தொடாமல்தானே வைத்திருந்தோம்? அந்தப் பக்கத்தைத் திறந்தால் முடி உதிர்வுக்கும் வீட்டுக் கடனுக்கும் விளம்பரம் வரும். அதை யாராவது தொட்டால் நமக்குச் சில்லறை விழும் என்றீர்கள். வருஷா வருஷம் பெயரைப் புதுப்பிக்கும் கட்டணத்துக்குக்கூட அது காணவில்லை. போன வருஷம் ஸ்நேகா அந்த விளம்பரத்தையெல்லாம் எடுத்துவிட்டு, டில்லியில் நம்ம ஊர்ச் சாப்பாடு கொடுக்கும் வீடுகளின் பட்டியலைப் போட்டாள். பொழுது போகவில்லையா என்று சிரித்தீர்கள். இன்றைக்கு அதில் ஒன்பது வீடுகள் இருக்கின்றன. இங்கே ஐ.ஏ.எஸ். படிக்க வரும் பிள்ளைகள் ரயில் ஏறும் முன்பே அதைப் பார்த்துச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

நம் வீட்டில் வேலை செய்த ராஜாத்தியை நினைவிருக்கிறதா? ரயில் பாதையோரம் இருந்த அவர்கள் குடிசைகளை இடித்து நரேலாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து இங்கே வர பஸ்ஸிலேயே இரண்டு மணி நேரம். இருந்த நாலு வீட்டு வேலையும் போய்விட்டது. இப்போது அங்கே ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறாள். அவள் டப்பா மூடியில் ஒட்டியிருப்பது இந்தப் பெயர்தான். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவளைத் தேடுகிறவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?

சும்மா கிடக்கும் முப்பத்தொன்பதை விட்டுவிட்டு, சோறு போடும் ஒன்றை ஏன் விற்கிறீர்கள்? உயிர் போனாலும் கொடுக்க மாட்டேன் என்று சொன்ன பெயர் இது. என்ன அவசரம்? இப்போதெல்லாம் வேலை நாளில் பகல் பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறீர்கள். நேற்று நீங்கள் வீடியோவில் பேசி வைத்த பிறகு ஸ்நேகா, “அப்பா இன்னிக்கும் ஆபீஸ் போகலியா? லுங்கியில இருந்தாரே” என்றாள். மஸ்கட்டில் லீவு என்று சொல்லி வைத்தேன். எனக்கே அது சமாதானமாக இல்லை.

காரணம் எழுதுங்கள். எழுதாவிட்டால் நான் பொத்தானை அழுத்திவிடுவேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
கோமளா


கரோல் பாக்
வெள்ளிக்கிழமை, பகல் 11.20

அன்புள்ள ஸ்நேகா அப்பாவுக்கு,

நீங்கள் பதில் போடவில்லை. ‘சொன்னதைச் செய்’ என்று இரண்டே வார்த்தை போனில் அனுப்பினீர்கள்.

நேற்று நல்லெண்ணெய் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட் போனேன். அங்கே உங்கள் அறைத்தோழர் அழகர்சாமியின் மனைவி மேகலா நின்றுகொண்டிருந்தாள். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு அவளாகவே சொன்னாள். உங்கள் மஸ்கட் கம்பெனியை மூடி நாலு மாதம் ஆகிறதாம். முப்பதாம் தேதிக்குள் ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்குத்தான் கம்பெனி செலவில் டிக்கெட்டாம். “அண்ணன் மட்டும் ஏங்க்கா வரமாட்டேங்கிறாரு? யாரோ ஏஜெண்டை நம்பிட்டு உட்கார்ந்திருக்காரே. பெங்களூர்ல இருந்து பணம் வந்ததும் புது விசா எடுத்துத் தரேன்னானாம் அவன்” என்றாள். நான் அச்சா அச்சா என்று தலையாட்டினேன். எண்ணெயைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாலு மாதம். தினமும் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன், ஆச்சு என்றீர்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே எனக்கு.

ராத்திரி முழுக்க உங்கள் மேல் ஆத்திரமாக இருந்தது. காலையில் அது என் மேல் திரும்பிவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்பு என் அண்ணன் எதிரிலேயே, “ஊரில் எல்லாரும் வீடு வாங்குகிறார்கள், இவர் பெயர் வாங்குகிறார், பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது சீராகப் பெயரைக் கொடுப்பார்” என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அடுத்த மாதமே மஸ்கட்டுக்கு விமானம் ஏறினீர்கள். வெறுங்கையோடு எப்படித் திரும்புவது என்றுதானே அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? நான் சொன்னது தப்பு. ரொம்பத் தப்பு. மன்னித்துவிடுங்கள்.

இப்போதுதான் பொத்தானை அழுத்தினேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று பதிலும் வந்துவிட்டது. பெங்களூர்க்காரர்கள் உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள். புதன்கிழமை அழுத்தியிருந்தால் ராஜாத்திக்காக என்று சொல்லியிருப்பேன். இன்று அவளுக்காக இல்லை. அந்தப் பணம் வந்தால் ஏஜெண்டிடம் போகும், அவன் ஏமாற்றினால் நீங்கள் விசா இல்லாமல் ஒளிந்து திரிவீர்கள்.

இங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது. வர வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே இருக்கிறது. பட்டியலில் சேர இன்னும் பதினான்கு வீடுகள் கேட்கின்றன. யார் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, யார் கணக்குப் பார்ப்பது? எண்ணெய் வாங்கப் போகும் அந்த மளிகைக்காரர், சும்மா கிடக்கும் பெயர்களில் ஒன்றைத் தன் கடைக்கு மாதக் குத்தகைக்குக் கேட்கிறார். வாடகை வீடு, டியூஷன் என்று நீங்கள் வாங்கிப் போட்ட பெயர்களையும் ஒவ்வொன்றாக இப்படி நடத்தலாம். அதெல்லாம் எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

என் மேல் கோபம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரு மாதம் பேசாமல்கூட இருங்கள், இந்த வீட்டில் இருந்துகொண்டு இருங்கள். முப்பதாம் தேதிக்குள் அழகர்சாமியோடு விமானம் ஏறிவிடுங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஸ்நேகாவிடம் கம்பெனி விஷயம் சொல்லவில்லை. அப்பா வருகிறார் என்று மட்டும் சொன்னேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
கோமளா